தாத்தாவின் அம்பாசிடரா, அப்பாவின் மாருதி 800-ஆ: எதை வைத்துக்கொள்வது?

வாடிப்பட்டி வீட்டில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று தாத்தா 1969-இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 2, மற்றொன்று அப்பா 1988-இல் வாங்கிய மாருதி 800. மதுரை வீட்டில் ஒன்றை நிறுத்தத்தான் இடம் என்பதால் "இரண்டில் எது நல்ல வண்டி, எதை விற்றுவிடலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் பின்பகுதியில் நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அம்மாவுக்கு மூட்டு வலி. மாதம் ஒன்றிரண்டு முறை ஊருக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் போய் வர வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை கொடைக்கானல். தினசரி வேலைக்கு வேறு வண்டி இருக்கிறது. அப்படியென்றால் எது நல்ல வண்டி என்பது உங்கள் கேள்வியே அல்ல. எதன் மேல் பணம் போட்டால் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு குடும்பத்தோடு நம்பி ஏறலாம் என்பதுதான் கேள்வி. மதுரையில் பட்டறை வைத்து இந்த இரண்டு வண்டிகளையும் பிரித்து மாட்டியே பிழைத்தவன் என்ற முறையில் அதற்குப் பதில் சொல்கிறேன்.

வாங்கிய ஆண்டுகளைப் பார்த்தால் இடைவெளி 19 ஆண்டுதான். ஆனால் வடிவமைப்பில் இடைவெளி ஏறத்தாழ ஒரு தலைமுறை. அம்பாசிடர் என்பது இங்கிலாந்தில் 1956-இல் வந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை; அதை வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் இறுதியிலிருந்து செய்தது. மாருதியின் முதல் கார் 1983 டிசம்பரில் வெளியே வந்தது. அது சுஸுகியின் ஜப்பானியச் சிறிய காரின் இந்தியப் பதிப்பு. 1986-இல் உருவம் மாறியது. உங்களுடையது அந்த இரண்டாவது உருவம். வியப்பு என்னவென்றால் ஒரு தலைமுறை இடைவெளியில் பிறந்த இரண்டின் உற்பத்தியும் 2014 என்ற ஒரே ஆண்டில் சில மாத இடைவெளியில் நின்றன. உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைப்பதற்கு அது ஒரு காரணம்.

இரண்டையும் செய்தவர்களின் எண்ணம் வேறு வேறு. அம்பாசிடரைச் செய்தவர்கள் அதைக் கழற்றிச் சரிசெய்து மறுபடி மாட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். இயந்திரம் 1489 சி.சி., நான்கு சிலிண்டர்; சிலிண்டர்கள் இருக்கும் பிளாக், அவற்றை மேலே மூடும் ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. சிலிண்டர் தேய்ந்தால் போரிங் செய்து அடுத்த அளவு பிஸ்டன் போடலாம். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைக் கடைந்து அடுத்த அளவு பேரிங் போடலாம். முன்சக்கரக் கிங்பின்னும் புஷ்ஷும் தேய்ந்தால் லேத்தில் கடைந்து வாங்கலாம். மாருதியைச் செய்தவர்கள் எடையைக் குறைப்பதில் குறியாக இருந்தார்கள். 796 சி.சி., மூன்று சிலிண்டர், அலுமினிய ஹெட், முன்சக்கர இயக்கம், மெல்லிய தகடு. பாகம் கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். புதிதாக இருந்த காலத்தில் மாருதிதான் மேலான கார், சந்தேகமே இல்லை. காலையில் ஒரே சாவித் திருப்பலில் கிளம்பும், கியர் வெண்ணெய்போல் விழும், பெட்ரோல் பாதிதான் குடிக்கும். ஆனால் கிழடான பிறகு நிலைமை மாறுகிறது. இரண்டும் கிழடாகிவிட்ட இன்றைய நிலையில், கையால் சரிசெய்யக்கூடிய வண்டிக்குத்தான் ஆயுள் மிச்சம் இருக்கிறது என்பது என் கருத்து.

இதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது தகடு. இயந்திரம் சுற்றாமல் இறுகிப் போயிருந்தாலும் அதற்கு வழி உண்டு. பாடி போயிருந்தால் வழி இல்லை. இரண்டிலும் தனியாகச் சட்டம் (சேசிஸ்) கிடையாது, பாடியே சட்டம். தகடு துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே போனது மாதிரி. மதுரை உலர்ந்த பூமி என்பது நம் அதிர்ஷ்டம். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளில் உப்புக் காற்று செய்திருக்கும் அழிவை இங்கே பார்க்க முடியாது. ஆனால் அம்பாசிடர் ஓட்டுக் கொட்டகையிலும் மாருதி வேப்ப மரத்தடியில் திறந்த வெளியிலும் நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். மரத்தடி நிழல் பெயிண்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உதிர்ந்த இலை முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சேர்ந்து, ஊறி, தண்ணீர் போகும் துளைகளை அடைத்துவிடும். பிறகு அந்தத் தண்ணீர் உள்ளே கால் வைக்கும் இடத்தில்தான் இறங்கும். மாருதியின் தரைத் தகடு மெல்லியது. சில மழைக்காலம் அதற்குப் போதும்.

ஆகவே எதையும் முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு விடுமுறை நாளில் வாடிப்பட்டிக்குப் போங்கள். ஒரு சிறு காந்தம், பழைய ஸ்குரூ டிரைவர், டார்ச் லைட், உட்கார ஒரு சாக்கு போதும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பாகம், சக்கர வளைவு, கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் ஓரப் பெட்டி ஆகிய இடங்களில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை நிரப்பிய பட்டிதான் இருக்கிறது. பிறகு மிதியடியை முழுக்க உரித்தெடுத்துவிட்டு ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் தரையைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். போன தகடு பொத்தென்று கேட்கும். அந்த இடத்தில் முனையை வைத்து அழுத்தினால் உள்ளே போய்விடும். அம்பாசிடரில் இன்னும் ஓர் இடம் உண்டு. முன்பக்கம் சுருள் வில்லுக்குப் பதிலாக நீளவாக்கில் டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பி இரண்டு இருக்கும். முன் இருக்கைக்கு அடியில் குறுக்காகப் போகும் பகுதியில் அவற்றின் பின்முனைகள் பிடித்திருக்கும். வண்டியின் முன்பாரம் முழுவதும் அங்கேதான் தொங்குகிறது. அந்தக் குறுக்குப் பகுதி துருவேறி உப்பியிருந்தால் நான் சொல்லும் முடிவு தலைகீழாகிவிடும். மாருதியில் அதே அளவு முக்கியமான இடம், பேனட்டைத் திறந்தால் இருபுறமும் தெரியும் ஷாக் அப்சார்பர் தலைகளின் சுற்றுப்புறம். அங்கே வெடிப்போ, ஒட்டு வைத்த வெல்டிங்கோ தெரிந்தால் அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

அடுத்தது பெட்ரோல். கேள்வியில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்று முதலில் நினைக்க வேண்டியது இதுதான். இரண்டு மாற்றங்கள் நடந்திருக்கின்றன. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. வார்ப்பிரும்பு ஹெட்டில் நேரடியாகக் கடைந்த வால்வு இருக்கைகளுக்கு, அதாவது வால்வு வந்து அமர்ந்து மூடும் விளிம்புகளுக்கு, அந்த ஈயம்தான் ஒரு மெல்லிய பாதுகாப்பாக இருந்தது. அது இல்லாமல் அதிக வேகத்தில் வெகுதூரம் ஓட்டினால் வால்வு சிறிது சிறிதாக உள்ளே அமிழும். வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். மாதம் ஒன்றிரண்டு பயணத்துக்கு அது அவசர ஆபத்து இல்லை. ஹெட்டை எப்படியும் இறக்கும்போது கெட்டியான இருக்கை வளையம் போட்டுவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. இரண்டாவது மாற்றம்தான் பெரியது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது பழைய ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கும். பெட்ரோல் பம்பின் உள்ளே அசையும் சவ்வான டயாஃபிரத்தைக் கெடுக்கும். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியில் டேங்கின் அடியைத் துருப்பிடிக்க வைக்கும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட்டோடு (பெட்ரோல் வரும் சிறு துளையோடு) ஓடும் கார்புரேட்டரில் காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாமல் கலவை மெலிந்துபோகும். இயந்திரம் கூடுதலாகச் சூடாகும்.

இந்தச் சங்கடம் இரண்டு வண்டிக்கும் பொது. உங்கள் மாருதியும் கார்புரேட்டர் வண்டிதான். ஆனால் அம்பாசிடரில் இதைச் சமாளிப்பது எளிது. பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் வகையில் மாற்றி, பம்புக்குப் புதிய டயாஃபிரம் போட்டு, ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கினால் முடிந்தது. அக்னி நட்சத்திரக் காலத்தில் பழைய டாக்சி ஓட்டுநர்கள் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி வைத்துக்கொண்டு போனதை நீங்கள் பார்த்திருக்கலாம். இயந்திரச் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வதுதான் காரணம். எத்தனால் கலந்த பிறகு அந்தத் தொல்லை கூடியிருக்கிறது. குழாய் புகைபோக்கிப் பக்கம் போகாமல் சற்று விலக்கிக் கட்டினால் பெரும்பாலும் துணிக்கு வேலை இருக்காது.

இப்போது கொடைக்கானல். இங்கே கணக்கு சுவாரசியமானது. அம்பாசிடர் ஏறத்தாழ 1,100 கிலோ, சுமார் 50 குதிரைத்திறன். மாருதி ஏறத்தாழ 650 கிலோ, சுமார் 40 குதிரைத்திறன். தனியாக ஓட்டினால் மாருதி துள்ளிக்கொண்டு ஏறும். ஐந்து பேரும் சாமான்களும் ஏறினால் அதன் எடையில் பாதி கூடிவிடுகிறது. அம்பாசிடருக்கு அதே பாரம் முப்பது சதவீதம்தான். கூடவே, அதன் பெரிய இயந்திரம் குறைந்த சுழற்சியிலேயே நன்றாக இழுக்கும். அதனால்தான் காட்ரோட்டில் மலை தொடங்கி 2,100 மீட்டர் உயரம் வரைக்கும் அம்பாசிடர் மெதுவாக, அலுங்காமல் ஏறுகிறது. மாருதி நிறைந்த குடும்பத்தோடு இரண்டாவது கியரில் திணறுகிறது. ஏறுவதைவிட இறங்குவதில்தான் நான் உங்களை எச்சரிக்க வேண்டும். அம்பாசிடருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அந்தக் காலத்து மார்க் 2-வில் நான்குக்கும் ஒரே பிரேக் குழாய்ச் சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரையைத் தொடும், நான்கு சக்கரத்தின் பிரேக்கும் போய்விடும். நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். மாருதியில் முன்னால் டிஸ்க், வண்டியும் இலகு; இந்த ஒரு விஷயத்தில் அது தெளிவாக மேல். இரண்டிலும் காற்றுப்பை கிடையாது, மோதினால் இன்றைய கார்கள் தரும் பாதுகாப்பு இரண்டிலும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எனவே அம்பாசிடரை வைத்துக்கொள்வதாக இருந்தால், பெயிண்டுக்கும் சீட் கவருக்கும் ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்னால் பிரேக்கை முழுவதும் புதிதாக்குங்கள். மாஸ்டர் சிலிண்டர், சக்கரம்தோறும் வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள் எல்லாமே. பல ஆண்டு நின்ற வண்டியில் பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், சிலிண்டரின் உள்சுவர் குழிவிழுந்திருக்கும். அதில் புது ரப்பர் மட்டும் போட்டால் சில மாதத்தில் மறுபடி கசியும். டிரம்முக்கும் ஷூவுக்கும் உள்ள இடைவெளியை அடிக்கடி சரிபார்க்க வேண்டும்; பெடல் சற்று ஆழமாகப் போகத் தொடங்கும்போதே செய்துவிடுங்கள். மலை இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கை கியர் பழகுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவைப் பற்றியும் யோசித்துப் பார்த்தேன். மாருதியின் இருக்கை தாழ்வு. மூட்டு வலி உள்ளவர்கள் அதில் உட்கார முழங்காலை முழுக்க மடக்கிக் குனிய வேண்டும். எழும்போது கதவைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கும். அம்பாசிடரின் பின்னிருக்கை ஏறத்தாழ நாற்காலி உயரம். அகலமான கதவைத் திறந்து பக்கவாட்டில் உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தால் போதும்; கூரையும் உயரம் என்பதால் தலை இடிக்காது. பட்டறைக்கு வரும் வயதானவர்கள் பலர் அதை விற்க மனமில்லாமல் இருப்பதற்கு இதுவே காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லாத அம்பாசிடரைக் கோரிப்பாளையம் நெரிசலிலோ சிம்மக்கல் சந்துகளிலோ திருப்புவது தோள் வலிக்கும் வேலை. உங்கள் மகளும் ஓட்ட வேண்டும் என்றால் முதலில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாகங்கள் பற்றிய கவலை பாதிக்குத் தேவையில்லை. மாருதியின் இயந்திரப் பாகங்கள் இன்றும் மலிவு. அதே 796 சி.சி. இயந்திரம் ஆம்னி வேனில் 2019 வரை வந்துகொண்டிருந்தது. ஆனால் 1988 உருவத்துக்கான விளக்கு, கண்ணாடி, கதவு பிளாஸ்டிக் ஆகியவை நல்ல நிலையில் கிடைப்பது அரிது. அம்பாசிடருக்கு நேர்மாறு. இயந்திரம், கியர், ஆக்சில், பின்பக்க வில் பட்டை எல்லாம் கிடைக்கும், கிடைக்காததைக் கடைந்து வாங்கலாம். மார்க் 2-வுக்கே உரிய முன்கிரில், ஓர அலங்காரப் பட்டை, மீட்டர் பலகை போன்றவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டை வரைக்கும் அலைய வேண்டியிருக்கலாம். அதனால் இருப்பதைக் கழற்றும்போது ஒரு திருகைக்கூடத் தூக்கிப் போட விடாதீர்கள். மதுரை இதற்கெல்லாம் தோதான ஊர். டி.வி.எஸ். நிறுவனம் பிறந்த காலத்திலிருந்தே இங்கே மோட்டார் தொழில் தெரிந்த கைகள் உண்டு. கோச்சடையில் ஃபென்னர் பெல்ட் செய்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் மாதிரியைக் கொடுத்தால் ரப்பர் புஷ் வார்த்துத் தரும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. பொட்டலத்தில் பளபளப்பாக வரும் பெயர் தெரியாத ரப்பர் சாமானைவிட இது எவ்வளவோ மேல்.

சட்டப் பக்கம். தனியார் காரின் பதிவு முதல் 15 ஆண்டுக்கு, பிறகு தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டாக நீட்டிப்பு. 2025 ஆகஸ்டில் திருத்திய மத்திய விதிப்படி 20 ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். பசுமை வரியும் தாமதக் கட்டணமும் தனி. ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றோடு படிவம் 31. புதுப்பிப்புக்குப் படிவம் 25. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த பழம்பெரும் வாகனப் பதிவு ஒன்று உண்டு. பெயர் கவர்ச்சியாக இருப்பதால் பலர் அதற்கு ஆசைப்படுகிறார்கள். உங்களுக்கு அது வேண்டாம். அந்தப் பதிவில் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் போன்ற காரணங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போக முடியாது. வழக்கமான பதிவையே நீட்டியுங்கள்.

ஆக, அம்பாசிடரை வைத்துக்கொள்ளுங்கள், மாருதியைக் கொடுத்துவிடுங்கள் என்பது என் பதில். உங்கள் உபயோகம், அம்மாவின் உடல்நிலை, கொட்டகையில் நின்ற வண்டி என்ற மூன்றையும் வைத்துச் சொல்கிறேன். இதில் உறுதியானது எது, ஊகம் எது என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல், பிரேக், உட்காரும் வசதி, பதிவு விதி பற்றிச் சொன்னது உறுதி. பாடி நன்றாக இருக்கும் என்பது நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் கொட்டகையையும் நம்பிச் செய்த ஊகம். நேரில் தட்டிப் பார்க்காமல் எந்த மெக்கானிக்காலும் அதைச் சொல்ல முடியாது. குறுக்குப் பகுதி போயிருந்தால் அம்பாசிடரைச் சரிசெய்யும் செலவு அதன் விலையைத் தாண்டும். அப்போது மாருதியின் தரைத் தகடு தப்பியிருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம்.

எதை வைத்துக்கொண்டாலும் ஆர்வத்தில் பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுவதும் இறக்குங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு தேக்கரண்டி என்ஜின் எண்ணெய் விட்டு இரண்டு நாள் விடுங்கள். பிறகு அம்பாசிடர் என்றால் முன்னால் கைப்பிடி மாட்டி, கையாலேயே மெல்லச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. சுற்றவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம், ஹெட்டை இறக்கிப் பார்க்கலாம். மாருதியை விற்கும்போது பெயர் மாற்றம் முடிந்த பிறகே சாவியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு ஏதாவது விபத்து என்றால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வாடிப்பட்டிக்குப் போய் வந்ததும், முன் இருக்கைக்கு அடியில் உள்ள குறுக்குப் பகுதி, இருபுற ஓரப் பெட்டி, டிக்கியின் தரை ஆகிய இடங்களை மிதியடி இல்லாமல், பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு டிங்கர் வேலை எவ்வளவு பிடிக்கும் என்று சொல்கிறேன்.